உச்சி வேளையில் ஒரு குரல்

மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் எங்கள் கொல்லைப் படலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் என்னைக் கூப்பிடுகிறார். "சின்னய்யா." ஒரே ஒரு தடவை. ஏழு வருடமாக இது நடக்கிறது. எழுந்துபோய்ப் பார்த்தால் படல் சாத்தியிருக்கும், வாழை மரங்கள் நிற்கும், வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வேறு ஒன்றும் இருக்காது.

செத்தவர் குரல் என்றாலாவது ஒரு வழி உண்டு. மந்திரித்துக் கையில் கயிறு கட்டிக்கொள்ளலாம். தர்காவில் ஓதிய தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம். நான் தத்துவம் படித்தவன் என்பதெல்லாம் அந்த நேரத்தில் குறுக்கே வராது. ஆனால் இந்தக் குரலுக்கு உரியவர் உயிரோடு இருக்கிறார். கோட்டுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறார். எங்கள் வரிச்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். உயிரோடு இருப்பவரின் குரல் பிடித்துக்கொண்டால் அதற்குப் பரிகாரம் எந்தக் கோயிலிலும் கிடையாது. அவரிடமே போய் நிற்க வேண்டும். நான் போகாமல் வருடங்களை ஓட்டினேன்.

உச்சி வேளையில் வெளியிலிருந்து யாராவது ஒரு தடவை கூப்பிட்டால் பதில் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேய்க்கு ஒரு குரல்தான். மனிதர்களாக இருந்தால் இரண்டாவது, மூன்றாவது தடவை கூப்பிடுவார்கள். அதன் பிறகு "யாரு?" என்று கேட்டுக்கொண்டு எழுந்தால் போதும். ஒரு குரலுக்கு "வரேன்" என்று சொல்லிவிட்டால் அதோடு போக வேண்டியதுதான் என்று அம்மா என்னைச் சின்ன வயதில் மிரட்டி வைத்திருந்தாள். எனக்குப் பேய் மேல் நம்பிக்கை போய் முப்பது வருடம் ஆகிறது. பழக்கம் மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. மதியத்தில் ஒரு குரல் கேட்டால் என் கழுத்து திரும்பாது. அடுத்த குரலுக்குக் காத்திருக்கும்.

இதே அம்மா இன்னொரு வழக்கத்தையும் வைத்திருந்தாள். எங்கள் வயலில் வேலை செய்கிறவர்கள் கொல்லைப் பக்கமாக வருவார்கள். படலுக்கு வெளியே நின்று ஒரு தடவை கூப்பிடுவார்கள். பிறகு காத்து நிற்பார்கள். யாராவது அவசரப்பட்டு இரண்டாவது தடவை கூப்பிட்டுவிட்டால் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஏன், வீடு பத்திக்கிச்சா? காது கேக்காதவங்கன்னு நெனச்சியா?" என்பாள். அதனால் அவர்கள் ஒரு குரலோடு நிறுத்திக்கொள்வார்கள். காலையிலும் சாயங்காலமும் இதில் சிக்கலே இல்லை, அவர்கள் வருகிற நேரம் எங்களுக்குத் தெரியும். உச்சி வேளையில் மட்டும் இந்த இரண்டு வழக்கமும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஜெர்மன் தத்துவத்தில் பட்டம் வாங்கிய எனக்கும் தோன்றவில்லை.

நான் காரைக்காலில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். காமர்ஸ் கிடைக்காதவர்களும் கம்ப்யூட்டர் கிடைக்காதவர்களும் என் வகுப்பில் இருப்பார்கள். நான் எதைச் சொன்னாலும் "எக்ஸாமுக்கு வருமா சார்?" என்று ஒரு குரல் பின் பெஞ்சிலிருந்து வரும். ஏழு வருடத்துக்கு முன் தொலைதூரக் கல்விக்காரர்கள் தமிழில் ஒரு பாடம் எழுதித் தரச் சொன்னார்கள். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மன் சிந்தனையாளர்களைப் பற்றிய பாடம். மனிதனின் சுதந்திரம், மனிதனை மனிதன் அங்கீகரிப்பது, இவை இரண்டும்தான் பொருள். பெருமையாக இருந்தது. எனக்கு உயிரான விஷயம் அது.

அவர்களில் ஒருவர் சொன்னது என்னை இளவயதிலேயே ஆட்டிவைத்தது. ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து யோசித்துத் தன்னைச் சுதந்திரமானவன் என்று கண்டுபிடிக்க முடியாது என்றார் அவர். இன்னொருவர் வந்து அவனைக் கூப்பிட வேண்டும். மாட்டை ஓட்டுகிறோம், கல்லை உருட்டுகிறோம், அதெல்லாம் கூப்பிடுவது ஆகாது. கூப்பிட்டவர் அதற்கப்புறம் காத்திருக்கிறார். நீ வரலாம், வராமலும் இருக்கலாம், உன் கையில்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டு நிற்கிறார். அப்போதுதான் என் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரிய வருகிறது. அவருக்குப் பின் வந்தவர் எஜமானையும் ஆளையும் வைத்து இதை இன்னும் கடுமையாகச் சொன்னார். ஆள் கும்பிடுகிறான், ஆனால் அந்தக் கும்பிடு எஜமானுக்கு ருசிப்பதில்லை. தான் மனிதனாகவே மதிக்காத ஒருவன் தருகிற மரியாதையால் அவனுக்கு என்ன ஆகப்போகிறது? மாட்டேன் என்று சொல்ல முடியாதவன் சொல்லும் சரிக்கு எடை கிடையாது.

அந்த வருடம் பெரிய புயல் ஒன்று அடித்தது. நாலாவது நாளும் கரண்ட் வரவில்லை. ஊர் முழுக்கத் தென்னையும் முருங்கையும் சாய்ந்து கிடந்தன. எல்லோருடைய செல்போனும் செத்துப்போயிருந்தது. கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து நிவாரணம் தருகிறார்கள் என்று தெருவே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தது. அம்மா கூடத்தில் படுத்துத் தூங்கிவிட்டாள். அவளுக்கு அப்போதே காது மந்தம். நான் கொல்லையைப் பார்த்த அறையில், ஜன்னல் வெளிச்சத்தில், பாடத்தைக் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். மின்விசிறி இல்லாததால் வியர்வை தாளில் சொட்டியது. அதற்கும் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு, பெரிய ஞானிபோல எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கேட்டது. "சின்னய்யா."

குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. இதைத்தான் நான் இத்தனை வருடமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். சரியாகக் கேட்கவில்லை, கனவோ என்று நினைத்தேன் என்றெல்லாம் எனக்கு நானே பின்னால் ஜோடித்துக்கொண்டது உண்டு. எல்லாம் பொய். எனக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கள் வயலில் இருபது வருடமாக நாற்று நட்டுக் களை பறித்தவரின் குரல் அது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எழுதும்போது "அவர்" என்கிறேன், அப்போதெல்லாம் வாய் நிறைய "நீ", "வா", "போ"தான்.

என் பேனா நின்றது. இரண்டாவது குரலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வெளிச்சம் நகர்ந்துவிட்டதால் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். எழுந்து பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். "கூப்பிட்டவர் காத்திருக்கிறார்" என்ற வரியை முடித்து அடுத்த பத்திக்குப் போனேன். அந்த வரி இப்போதும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஐந்து மதிப்பெண் கேள்வியாக இரண்டு தடவை வந்துவிட்டது.

சாயங்காலம் சாவுச் செய்தி மட்டும்தான் வந்தது, நடந்தது முழுக்கப் பின்னால்தான் தெரிந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அவர்கள் வீட்டுக் கூரையில் சாய்ந்த முருங்கையை வெட்டிக்கொண்டிருந்த அவர் கணவருக்கு நெஞ்சைப் பிசைந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவரைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, இவர் ஓடக்கூடிய ஒரே காரைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். கால் மணி நேரம் நின்றிருக்கிறார். அப்புறம் மெயின் ரோட்டுக்கு ஓடி, தார்ப்பாய் ஏற்றிவந்த வேன் ஒன்றை மறித்துக் காரைக்கால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வாசலை நெருங்கும்போது மூச்சு நின்றுவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று அங்கே யாரோ சொன்னார்களாம். அது எல்லோரும் எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். அவர் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. காரைக்காலில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மேல் உயிர். மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் பந்தல்கூடப் போட முடியாமல், சாய்ந்த முருங்கைக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். நானும் அம்மாவும் மாலையோடு போயிருந்தோம். எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது அந்தப் பெண் அழாமல் கணக்குக் கேட்டாள்.

"அப்பாவுக்கு எத்தன மணிக்கு நெஞ்சு வலிச்சுச்சு?"

"உச்சி இருக்கும்மா" என்றார் பக்கத்து வீட்டுக் கிழவர்.

"ரோட்டுல வேன மறிச்சது பன்னண்டே முக்காலுக்கு. வேன்காரர் சொன்னாரு. நடுவுல நீ எங்க போனம்மா?"

அவர் தலையைத் தூக்காமல் சொன்னார். "சின்னய்யா வீட்டுல போய் நின்னேன். கூப்புட்டேன்."

என் அம்மா உடனே பேசினாள். அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கு நிஜமாகவே கேட்கவில்லை. "எங்க வீட்டுக்கா வந்த? ஐயையோ, யாரும் கூப்புடலியே! கூப்புட்டிருந்தா விட்டுருவோமா? இவன் உள்ளதான இருந்தான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும். அவரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"எனக்கும் கேக்கல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை குடைந்து பார்த்துவிட்டேன். அடிப்பார்கள் என்ற பயமில்லை, எங்கள் வீட்டின் மேல் அங்கே யாரும் கை ஓங்க மாட்டார்கள். திட்டக்கூட மாட்டார்கள். சும்மா பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வை எனக்குத் தாங்கியிருக்காது. மனிதன் இன்னொருவர் பார்வையில்தான் தன்னை அடைகிறான் என்று முதல் நாள்தான் ஒன்பது பக்கம் எழுதியிருந்தேன். மறுநாள் முப்பது நாற்பது பேர் பார்வைக்குப் பயந்து ஒளிந்துகொண்டேன். அதற்கு விலையாக அவரை அவர் மகள் முன்னால் பொய்க்காரி ஆக்கிவிட்டேன்.

அவர் நான் சொன்னதை மறுக்கவில்லை. ஒரு கணம் பார்த்தார். பிறகு கணவரின் கால் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் "பாத்தியா?" என்று கேட்டதோடு சரி. அன்றிலிருந்து அவள் அம்மாவோடு பேசவில்லை.

ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. பாவம், அவளுக்குக் கை கால் ஓடவில்லை, எங்கேயோ மிரண்டு நின்றுவிட்டாள், அப்புறம் பழியைப் பெரிய வீட்டு மேல் போடுகிறாள் என்றார்கள். காரியம் முடிந்ததும் மகள் கோட்டுச்சேரியில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். தையல் கற்றுக்கொண்டாள், கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்குப் பெற்ற அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். மகளுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அவரும் கோட்டுச்சேரியில் ஓர் அறை பிடித்து, பள்ளிக்கூடச் சமையலில் சேர்ந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் மகள் வீடு. பேரன் பிறந்ததை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொண்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அம்மா சொல்வாள். அவளுக்கு யாராவது வந்து சொல்வார்கள். "என்ன நெஞ்சழுத்தம் பாருடா அந்தப் பொண்ணுக்கு" என்று மகளைத் திட்டுவாள். நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள்கூட அவள் என்னிடம் "ஒனக்கு அன்னிக்குக் கேட்டுச்சாடா?" என்று கேட்டதில்லை. கேட்டுவிடுவாளோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன்.

குரல் கேட்க ஆரம்பித்தது அந்த வருடக் கடைசியில். விடுமுறை நாட்களில் மட்டும்தான் முதலில். பிறகு வகுப்பு நடத்தும்போது, கரும்பலகைக்குத் திரும்பியிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால். மாணவர்கள் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். "யாரு கூப்பிட்டது?" என்று ஒருதரம் கேட்டுவிட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கொல்லையைப் பார்த்த அறையை மாற்றிக்கொண்டேன். தெருவைப் பார்த்த அறையிலும் கொல்லையிலிருந்துதான் கேட்டது. வீட்டை இடித்தாலும் கேட்கும் போலிருந்தது.

பேய்ப் பழக்கத்தின் மேல் பழியைப் போட்டு நான் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். அதுவும் ஓடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசல் பக்கமிருந்து "சார்" என்று ஒரு குரல் வந்தது. சட்டென்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். கூடவேலை பார்க்கும் ஆசிரியர். மணி பன்னிரண்டரை. ஒரே ஒரு குரல்தான். நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். வாசல் பக்கக் குரலுக்கு நான் ஒருநாளும் இரண்டாவது குரலை எதிர்பார்த்ததில்லை. கொல்லைப் பக்கக் குரலுக்கு மட்டும்தான் என் கழுத்து திரும்ப மறுத்திருக்கிறது. வந்தவர் "என்ன சார், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வெகுநேரம் அழுதேன்.

போன மாசி மாதம், பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். தாய்மாமன் இல்லாத பிள்ளை, தூரத்து உறவில் யாரோ மடியில் உட்காரவைத்தார்களாம். பாட்டிக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் வழக்கம்போலச் சமைத்துவிட்டு, விசேஷம் நடந்த மண்டபத்து வாசல் வழியாகவே அறைக்கு நடந்து போனாராம். அம்மா இதைச் சொல்லி முடிக்கும் முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீரமெல்லாம் இல்லை. இனிமேல் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று தோன்றியது.

இரண்டு மணி வாக்கில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். சமையல் கொட்டகைக்குப் பின்னால் அவர் குனிந்து சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வாங்க. அம்மா நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்க. உங்ககிட்டதான் பேச வந்தேன். உக்காருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னா புதுசா வாங்க போங்கன்னுட்டு?"

நான் சிரிக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "அன்னிக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

அவர் அண்டாவைப் பார்த்தார். கையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டார். "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"நாக்காலிய இழுத்தீங்கள்ல. எந்திரிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். அப்பறம் தண்ணி மொண்ட சத்தம் கேட்டுச்சு. சட்டயப் போட்டுட்டு சாவி எடுத்துட்டு வரீங்கன்னு நின்னேன். அந்தச் சத்தம் இல்லாட்டி நான் அப்பயே ரோட்டுக்கு ஓடியிருப்பேன்."

கூப்பிட்டதற்கு வராததுதான் என் குற்றம் என்று ஏழு வருடமாக நினைத்திருந்தேன். நான் நாற்காலியை இழுத்ததை அவர் பதிலாக எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறார். வெளிச்சத்துக்காக இழுத்த நாற்காலி.

"இன்னொரு தடவ கூப்பிட்டிருக்கலாமே" என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. அவரே சொன்னார்.

"இன்னொருவாட்டி கூப்புட வாய் வரல. அதுக்காக என்னய நானே தெனம் திட்டிக்கிறேன். புருசன் சாவுறப்பகூட ஒங்கம்மா ஏசுவாங்கன்னு நின்னிருக்கேன் பாருங்க. அத நெனச்சாத்தான் எரியுது."

"என்னை மன்னிச்சிருங்க" என்றேன். கை கூப்பினேனா என்று நினைவில்லை.

"எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே." கோபமில்லாமல்தான் சொன்னார். பழைய நாளாக இருந்தால் "இருக்கட்டும் சின்னய்யா" என்றிருப்பார். அந்தப் பதிலை நான் பஸ்ஸில் வரும்போதே எதிர்பார்த்திருந்தேன், அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு மூலையில் கணக்கும் போட்டிருந்தேன். அவர் அதைத் தரவில்லை. "மன்னிப்பெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியல. எம்மவதான் ஏழு வருசமா எம்மூஞ்சியப் பாக்கல."

"வாங்க, சேர்ந்தே போய்ச் சொல்லுவோம்."

"நான் வரல." வேகமாகத் தலையாட்டினார். "நான் வந்தா, நான் அழுது ஒங்களக் கூட்டியாந்தேன்னு நெனச்சிருவா. போங்கன்னும் நான் சொல்ல மாட்டேன். ஒங்க இஷ்டம்." மறுபடி குனிந்து அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தார்.

நான் இருபது வருடம் படித்ததை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். கட்டாயப்படுத்தி வாங்கும் ஒப்புதல் அவர் மகளிடம் செல்லாது. அவருக்கு வேண்டியது நான் மட்டுமே தரக்கூடிய ஒன்று. உலகத்திலேயே அந்தக் குரலைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான். அதைத் தெரிந்துகொண்டே என்னை என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். இவ்வளவு பெரிய மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை. செய்தவர் முகத்தை நான் இருபது வருடம் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

மகளின் தையல் கடை பஸ் போகிற ரோட்டிலேயே இருந்தது. ஒரு ஷட்டர் அளவு கடை. ஹேங்கரில் ஜாக்கெட்டுகள் தொங்கின. பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் அம்மா அளவு ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் போகட்டும் என்று எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றேன். அவர் போகிற மாதிரி தெரியவில்லை. மறுபடி ஒளிந்துகொள்கிறேன் என்று உறைத்தது. ரோட்டைக் கடந்தேன்.

"சொல்லுங்க சார்" என்றாள் மிஷினை விட்டுப் பார்வையை எடுக்காமல். நிமிர்ந்ததும் முகம் மாறியது. யார் என்று தெரிந்துகொண்டாள். காலை மட்டும் மிதிபலகையிலிருந்து எடுக்கவில்லை.

"உங்க அம்மா அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தாங்க. கூப்பிட்டாங்க. எனக்குக் கேட்டுச்சு. நான் எந்திரிக்கல. மறுநாள் உங்க வீட்டு வாசல்ல நான் பொய் சொன்னேன்."

மிஷின் நின்றது. நாற்காலியில் இருந்த அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல. என் இஷ்டம்னு சொல்லிட்டாங்க."

"எங்க நின்னாங்க?"

"கொல்லைப் படலுக்கு வெளில."

"வெயில்லயா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரம். நான் நாற்காலிய நகத்துன சத்தத்தக் கேட்டு, நான் வரேன்னு நம்பி நின்னிருக்காங்க."

அவள் கையிலிருந்த துணியை மெதுவாக மிஷின் மேல் வைத்தாள். நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள். "நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"எழுதிட்டிருந்தேன்."

"என்ன எழுதிட்டிருந்தீங்க?"

பாடம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "ஒரு மனுசன் கூப்பிட்டா இன்னொரு மனுசன் ஏன் திரும்பிப் பாக்கணும்கறதப் பத்தி" என்றேன்.

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது, ஆனால் அது எனக்காக இல்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள். "அக்கா, கடைய ஒரு நிமிசம் பாத்துக்குங்க" என்று நாற்காலி அம்மாவிடம் சொன்னாள். செருப்புப் போட மறந்து வெளியே வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது, கம்பத்தை ஒதுங்கிப் போகிற மாதிரிதான் போனாள். வண்டி பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம் திரும்பியது.

நான் அங்கேயே நின்றேன். எனக்கு அந்தக் கடையில் வேலை ஒன்றும் இல்லை. போகவும் கால் வரவில்லை.

நாற்காலியில் இருந்த அம்மாதான் பேச்சை ஆரம்பித்தார். "ஏன் சார், அப்ப அந்தம்மா சொன்னது நெசந்தானா? நாங்கள்லாம் இத்தன வருசமா அதப் பொய்க்காரின்னுல்ல பேசிட்டிருக்கோம். தெருக் கொழாய்ல ஒருத்தரும் அதுகூட நின்னு பேச மாட்டோம்."

"நிஜம்தான். பொய் சொன்னது நான்."

"எங்க தெருவுல சொல்லவா?"

"சொல்லுங்க. உங்க தெருவுல, எங்க ஊர்ல, எல்லார்கிட்டயும் சொல்லுங்க. யாரோ ஒருத்தர்னு சொல்லாதீங்க, என் பேரச் சேத்தே சொல்லுங்க."

அந்த அம்மா என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.